பூட்டு ஊரில் வீடு தேடுறீங்களா? சாவி வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

திண்டுக்கல்லுக்கு வேலை மாற்றல் என்றதும், நண்பர்கள் அத்தனை பேரும் ஒரே ஜோக்கைத்தான் சொன்னார்கள். "உனக்கென்ன கவலை, பூட்டு ஊருக்கே போற. வீட்டுக்கு நல்ல பூட்டா வாங்கிக்கலாம்!" உண்மைதான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு இந்த ஊருடையது. மாங்காய்ப் பூட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் கனமே ஒரு தைரியம் தரும்.

ஆனால், கதவுக்குத்தான் பூட்டுப் போட முடியும். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் நடக்கிற தெருவுக்கு?

இந்தக் கேள்வி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. முதல் வீட்டை நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணிக்கு. நல்ல வெளிச்சம், புது பெயின்ட், வாடகையும் கட்டுப்படியானது. அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். குடியேறிய முதல் வாரமே வேலை முடிந்து வர இரவு எட்டரை ஆனது. ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு கடை இல்லை. இரண்டு பக்கமும் முள்செடி மண்டிய காலி மனைகள். போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். மூன்றே மாதத்தில் வீட்டைக் காலி செய்தேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை. நான் வீட்டைப் பார்த்தேனே தவிர, ஏரியாவைப் பார்க்கவில்லை.

இரண்டாவது வீடு தேடும்போது கேட்டது, பார்த்தது, படித்தது எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். திண்டுக்கல்லுக்கு வருகிறவர்களுக்காக எழுதியது என்றாலும், எந்த ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், ஊரின் அமைப்பு

திண்டுக்கல் 1866-ல் நகராட்சியாகி, 2014-ல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர். 48 வார்டுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2,07,327 பேர். ஆனால், மாநகராட்சியின் பரப்பு சுமார் 14 சதுர கிலோமீட்டர்தான். அதாவது, மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள பழைய ஊர் நெருக்கமானது. புதிதாக வருகிறவர்களுக்கு வீடு கிடைப்பது பெரும்பாலும் விளிம்பில். செட்டிநாயக்கன்பட்டி, பள்ளப்பட்டி, பாலகிருஷ்ணாபுரம், சீலப்பாடி, குரும்பப்பட்டி, அடியனூத்து என்று சுற்றியுள்ள ஊராட்சிகளில்தான் புது மனைகளும் புது வீடுகளும் பெருகிக்கொண்டிருக்கின்றன.

இது ஏன் முக்கியம்? தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியில் சொல்வதா, ஊராட்சியில் சொல்வதா? குப்பை அள்ள யார் வருவார்கள்? குடிநீர் இணைப்பு யாருடையது? ஒரு பிரச்னை என்றால் நகர் வடக்கு, நகர் தெற்கு, நகர் மேற்கு, தாலுகா... எந்தக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும்? புரோக்கர் "எல்லாம் டவுனுக்குள்ளதாங்க" என்றுதான் சொல்வார். எனவே, "இந்த வீட்டுக்கு வீட்டுவரி எங்க கட்டுறீங்க?" என்று ஓனரிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே எல்லை தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், ரயில் பாதை. மதுரை, திருச்சி, கரூர், பழனி என நான்கு பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன் இது. உங்கள் வேலையிடம் பாதைக்கு இந்தப் பக்கமும் வீடு அந்தப் பக்கமும் இருந்தால், இடையில் கேட்டா, பாலமா, சுரங்கப்பாதையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் சுரங்கப்பாதை வசதிதான். ஐப்பசி மழையில் அதே இடம் குளமாகிவிடலாம். ராத்திரி ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்பதையும் அப்போதே யோசித்துவிட வேண்டும்.

"அந்த ஏரியாவா... வேண்டவே வேண்டாம்!"

வீடு தேடத் தொடங்கியதும் அறிவுரைகள் குவியும். "அங்கிட்டு மட்டும் போயிடாதீங்க", "அந்தப் பக்கம் ஆளுங்க சரியில்ல". இதில் இரண்டு வகை உண்டு. "அந்த டாஸ்மாக் முக்குல ராத்திரி நிக்கிறவங்களால தொல்லை", "போன மாசம் ரெண்டு வண்டி திருடு போச்சு" என்று இடமும் சம்பவமும் சேர்த்துச் சொன்னால், அது தகவல். காது கொடுத்துக் கேளுங்கள். காரணமே சொல்லாமல் "ஆளுங்க சரியில்ல" என்றால், பல சமயம் அந்தத் தெருவில் என்ன சாதிக்காரர்கள், என்ன மதத்துக்காரர்கள், எவ்வளவு வசதியுள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள். அதற்கும் உங்கள் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை. "ஏன், என்ன நடந்துச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டாலே எது தகவல், எது வெறும் பேச்சு என்று பிரிந்துவிடும்.

புள்ளிவிவரம் பார்த்து முடிவெடுக்கலாமே என்றால், அதற்கும் வரம்பு உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் நகரவாரியாகத் தனிக் கணக்கு கொடுப்பது 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வசிக்கும் பெருநகரங்களுக்கு. தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும் அந்தப் பட்டியலில் வரும். திண்டுக்கல் மாதிரி ஊர்களுக்கு மாவட்டக் கணக்குதான். கொடைக்கானலும் பழனியும் சேர்ந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு தெருவை எடைபோட முடியாது.

வேறு ஒரு வழி இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் எஃப்.ஐ.ஆர். பார்க்கும் வசதி உண்டு. அதோடு, உள்ளூர்ப் பத்திரிகைகளின் மாவட்டப் பக்கத்தை ஒரு மாதம் தொடர்ந்து படியுங்கள். செயின் பறிப்பு, பைக் திருட்டு, பூட்டிய வீட்டில் கொள்ளை எங்கே, எந்த நேரத்தில் நடக்கிறது என்று ஒரு சித்திரம் கிடைக்கும். ஒரு சம்பவத்தை வைத்து ஏரியாவை ஒதுக்காதீர்கள். ஒரே மாதிரி சம்பவம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் யோசியுங்கள்.

ஒரு வீட்டை மூன்று தடவை பாருங்கள்

காலையில் ஒரு தடவை: பள்ளிக்கூட நேரத்தில் போங்கள். வேன் வருகிறதா, பஸ் நிற்கிறதா, தண்ணீர் எப்போது விடுகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

இரவு ஒரு தடவை: எட்டரை, ஒன்பது மணிக்கு, நீங்கள் தினமும் இறங்கப்போகும் நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்தே போங்கள். பைக்கில் போனால் எதுவும் தெரியாது. எத்தனை கம்பத்தில் விளக்கு எரிகிறது, வழியில் எத்தனை வீட்டு வாசல் திறந்திருக்கிறது, நாய்கள் எத்தனை என்று எண்ணுங்கள். முடிந்தால் ஒரு வார நாளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் பாருங்கள். கடைகள் மூடியிருக்கும் ஞாயிறு இரவில் அதே தெருவின் முகம் வேறு.

மழையில் ஒரு தடவை: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வீடு தேடினால் நல்ல வாய்ப்பு. கோடையில் தேடுகிறவர்கள், காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர்த் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் படிகள் மட்டும் ஏன் இவ்வளவு உயரம் என்று கேளுங்கள். கண்மாய், வாய்க்கால் ஓரத்து மனைகளின் வரலாறு அந்தப் பதிலில் வரும்.

கண்கள் இருக்கும் தெரு

1961-ல் அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ், நகரங்கள் பற்றிய தன் புத்தகத்தில் ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொன்னார்: ஒரு தெருவைப் பாதுகாப்பாக வைத்திருப்பது போலீஸ் மட்டுமல்ல, அந்தத் தெருவைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் சாதாரண மனிதர்களின் கண்களும்தான். இது நம் ஊர்ப் பாட்டிகளுக்கு எப்போதோ தெரியும். வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே, "யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்கிறவர்தான் அந்தத் தெருவின் முதல் சிசிடிவி.

2013-ல் டெல்லியில் தொடங்கப்பட்ட 'சேஃப்டிபின்' செயலி, பெண்களின் பார்வையில் ஓர் இடத்தின் பாதுகாப்பை ஒன்பது விஷயங்களை வைத்து மதிப்பிடுகிறது. வெளிச்சம், நாலா பக்கமும் பார்வை எட்டுகிறதா, வீட்டு ஜன்னலும் கடையும் தெருவைப் பார்த்து இருக்கிறதா, ஆள் நடமாட்டம், பெண்கள் நடமாட்டம், காவல், நடைபாதை, பஸ் வசதி, கடைசியாக அங்கே நிற்கும்போது நமக்குத் தோன்றும் உணர்வு. இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களும் தெருவுக்கு மார்க் போடலாம்.

நான் முதலில் கவனித்தது, இரவில் பெண்கள் நடமாட்டத்தை. ஆள் நடமாட்டம் மட்டும் போதாது. ஆண்கள் மட்டும் கூட்டமாக நிற்கும் முக்கு வேறு, அக்கா ஒருத்தர் தள்ளுவண்டியில் இட்லி சுட்டுக்கொண்டிருக்கும் முக்கு வேறு. இரண்டாவது வீடு பார்க்கப் போன இரவு, அப்படி ஒரு இட்லிக் கடையில் நின்று இரண்டு ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டே விசாரித்தேன். "பத்து மணி வரைக்கும் நான் இங்கனதான் பாப்பா இருப்பேன். டியூஷன் போற பிள்ளைக எல்லாம் இதுவழியாத்தான் போகும்" என்றார். எந்த புரோக்கரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பாதுகாப்பில் தண்ணீரும் சேர்த்தி

திண்டுக்கல்லில் வீடு பார்க்கிறவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது. தோல் பதனிடும் தொழிலுக்கும் பெயர்போன ஊர் இது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் கழிவுகளால் நிலமும் நீரும் கெட்ட ஐந்து மாவட்டங்களைக் குறிப்பிட்டது. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் அதில் ஒன்று. பிறகு ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் குடகனாற்றின் மேல்படுகையில் நடத்திய ஆய்வும், திண்டுக்கல்லைச் சுற்றி இயங்கிய சுமார் 80 தோல் ஆலைகளால் நிலத்தடி நீர் பாதிக்கப்பட்டதைச் சொன்னது.

இதற்காக ஊரையே பார்த்துப் பயப்பட வேண்டாம். குழாயில் வரும் குடிநீர் ஆத்தூர் காமராஜர் அணை, பேரணை, காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்றவற்றிலிருந்து வருகிறது. சிக்கல் போர் தண்ணீரில்தான். எனவே, "தண்ணிக்குப் பஞ்சமே இல்ல, போர் இருக்கு" என்று ஓனர் சொன்னால், அதைப் பாதிப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் இணைப்பு தனியாக இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேளுங்கள். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து டி.டி.எஸ். பாருங்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், குரோமியத்தைக் காட்டாது. சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது கட்டாயம்.

அதேபோல, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். குப்பைக் கிடங்கோ, தோல் ஆலையோ, நூற்பாலையோ பக்கத்தில் இருந்தால், மாலையில் அரை மணி நேரம் அந்தத் தெருவில் நின்றாலே தெரிந்துவிடும். நான்குவழிச் சாலையை ஒட்டிய வீடு என்றால், சர்வீஸ் ரோடு இருக்கிறதா, குழந்தைகள் ரோட்டைக் கடக்காமல் பள்ளிக்குப் போக முடியுமா என்று பாருங்கள்.

தனியாக வரும் பெண்களுக்கு

காந்திகிராமம் பல்கலைக்கழகம், 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, எம்.வி.முத்தையா அரசு மகளிர் கல்லூரி, பொறியியல் கல்லூரிகள், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகள் என்று படிக்கவும் வேலைக்கும் ஏராளமான பெண்கள் இந்த ஊருக்கு வருகிறார்கள். விடுதியில் சேர்கிறவர்கள் ஒன்றை மட்டும் தவறாமல் கேளுங்கள்: "லைசென்ஸ் இருக்கா?" 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டில் மகளிர் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டத் தயங்கும் விடுதியில் சேர நாமும் தயங்கலாம்.

தனி வீடு என்றால், முதல் தடவை பார்க்கும்போது தனியாகப் போகாதீர்கள். மாடி வீடா, மாடிப்படி ஓனர் வீட்டுக்குள்ளிருந்தா, வெளியிலிருந்தா? கழிவறை வெளியே இருந்தால் அதன் விளக்கு சுவிட்ச் எங்கே? கீழ்வீட்டில் குடும்பம் இருக்கிறதா, குடோனா? ஓனர் உள்ளூரிலேயே இருக்கிறாரா? நான்கைந்து குடும்பங்கள் ஒரே கேட்டுக்குள் இருக்கும் காம்பவுண்ட் வீட்டில் கொஞ்சம் சத்தமும் நிறைய விசாரணையும் இருக்கும். ஆனால், காய்ச்சல் வந்த இரவில் கதவைத் தட்ட ஆள் இருக்கும்.

"நீங்க என்ன ஆளுங்க?"

டூ-லெட் போர்டில் இருக்கும் நம்பருக்கு போன் செய்தால், சில வீடுகளில் முதல் கேள்வியே இதுதான். சிலர் சுற்றி வளைத்து, "சொந்த ஊர் எது? எந்தத் தெரு? கறி, மீன் சமைப்பீங்களா?" என்பார்கள். பாதுகாப்பான ஏரியா பற்றிப் பேசிவிட்டு இதைப் பேசாமல் விட முடியாது. சாதியை மறைத்துக் குடியேறி, எப்போது தெரிந்துவிடுமோ என்ற பயத்தோடு வாழும் வீடு, எத்தனை பூட்டுப் போட்டாலும் பாதுகாப்பான வீடு இல்லை.

தீண்டாமையின் காரணமாக ஒருவருக்கு வீட்டை வாடகைக்கு விட மறுப்பது, 1955-ஆம் ஆண்டு குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவின்படி தண்டனைக்குரிய புறக்கணிப்பு. போனில் மழுப்பலாக மறுத்தால் நிரூபிப்பது கடினம் என்பதும் உண்மை. அதனால், தேடும்போதே உடன் வேலை பார்ப்பவர்கள் மூலம் விசாரிப்பது நல்லது. "எங்க ஓனர் அதெல்லாம் கேக்க மாட்டார்" என்று ஒருவர் சொல்லும் வீடு, பத்து நிமிடம் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களும் இந்தக் கட்டுரையைப் படிக்கலாம். உங்கள் வீட்டுக்கு நல்ல குடித்தனக்காரர் வேண்டுமென்றால், கேட்க வேண்டியது வேலை, அடையாள அட்டை, முந்தைய ஓனரின் போன் நம்பர். அவ்வளவுதான்.

ஒத்தியா, வாடகையா?

மதுரை, திண்டுக்கல் பக்கம் ஒத்தி வீடு சகஜம். மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை. காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். வரவேண்டும்! அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால், உங்கள் பணத்துக்கு வங்கி பொறுப்பாகாது. ஒத்திக்குப் போகும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். வெறும் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாது.

வாடகைக்கு என்றால், 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஓனர் வீட்டுக்குள் வருவதென்றால் 24 மணி நேரம் முன்பே எழுத்து மூலம் சொல்ல வேண்டும். தகராறு வந்தால் தண்ணீரையும் கரன்ட்டையும் நிறுத்தக் கூடாது. தனியாக வசிக்கும் பெண்ணுக்கு இந்தக் கடைசி இரண்டும் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

குடிபோன முதல் வாரத்தில்

* முன்பு குடியிருந்தவரிடம் இன்னொரு சாவி இருக்கலாம். பூட்டை மாற்றிவிடுங்கள். ஊரே பூட்டு ஊர், இதற்கு அலைய வேண்டியதில்லை.

* உங்கள் தெரு எந்தக் காவல் நிலைய எல்லை என்று தெரிந்துகொண்டு, அதன் எண்ணைப் போனில் பதியுங்கள். அவசர உதவி 112, பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, ஆம்புலன்ஸ் 108, சைபர் மோசடிக்கு 1930.

* 2022-ல் தமிழ்நாடு காவல்துறை கொண்டுவந்த 'காவல் உதவி' செயலியை இறக்கி வையுங்கள்.

* பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போனால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ரோந்து வரும்போது பார்த்துக்கொள்வார்கள். "ஊருக்குப் போறோம்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

* அருகிலுள்ள 24 மணி நேர மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்.

* இடமும் வலமும் எதிரும் உள்ள மூன்று வீட்டுக்காரர்களின் பெயரையும் போன் நம்பரையும் வாங்குங்கள். உங்களுடையதையும் கொடுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது. இப்போது இருக்கும் வீடு முதல் வீட்டைவிடச் சின்னது. வாடகை ஆயிரம் ரூபாய் கூடுதல். பெயின்ட் உரிந்த சுவர். ஆனால், தெருமுனையில் இட்லிக் கடை அக்கா இருக்கிறார். சென்ற மாதம் ஒருநாள் வேலை முடிந்து வர பத்தேகால் ஆகிவிட்டது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "என்னக்கா, இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்றேன்.

"மேல உன் வீட்டுல லைட்டு எரியல. அதான், நீ வந்துரட்டும்னு இருந்தேன்" என்றார்.